துணை பஸ்ஸில் இருக்கும் உணரியைக் கர்னலுக்கு விவரிப்பது எப்படி

எம்.பி.யூ-6050 போன்ற இயக்க உணரிச் சில்லின் முனைகளை எண்ணிப் பார்த்தவர்கள், வழக்கமான ஐ2சி (சில்லுகள் இரு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) சோடியான எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். முனைகளைத் தவிர, அதே வேலையைச் செய்யக்கூடிய இன்னொரு சோடியும் அதில் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்த இரண்டாவது சோடிதான் துணை பஸ். காந்தமானியையோ காற்றழுத்தமானியையோ அதில் இணைத்துவிட்டால், செயலிக்கும் அந்த உணரிக்கும் நடுவில் இயக்க உணரி வாயிற்காவலனைப் போல நிற்கும். காவலன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், அல்லது தானே உள்ளே போய்த் தகவலை வாங்கிவந்து தரலாம். இவ்விரண்டில் எது நடக்கப்போகிறது என்பதை முடிவு செய்யாமல் டிவைஸ் ட்ரீயில் (பலகையில் உள்ள வன்பொருளை லினக்ஸ் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஒரு வரியும் எழுதக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் மையம். துணை பஸ் சார்ந்து நான் சந்தித்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த முடிவைத் தள்ளிப்போட்டதால் வந்தவை.

தொடங்கும் முன் இரண்டு குறிப்புகள். டிவைஸ் ட்ரீயில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கோப்பில் அவை சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். ஐ2சி முகவரிகளும் ரிஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எண்களும் ரிஜிஸ்டர் மதிப்புகளும் பதினாறடிமான எண்கள். மேலும், லினக்ஸ் 5.11 பதிப்பில் 'ஆக்சிலரி பஸ்' என்ற பெயரிலேயே ஒரு கர்னல் கட்டமைப்பு சேர்க்கப்பட்டது. அது ஒரே சாதனத்தின் வேலைகளைப் பல இயக்கிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கான மென்பொருள் ஏற்பாடு. நாம் பேசப்போவது செப்புக் கம்பியாலான பஸ். பெயர் ஒன்றாக இருப்பதால் தேடுபொறி இரண்டையும் கலந்து காட்டும்.

கதவைத் திறப்பதா, காவலனை அனுப்புவதா

முதல் வழி பைபாஸ். இதில் சில்லுக்குள் இருக்கும் மின்சுவிட்ச் துணை முனைகளை முதன்மை முனைகளோடு நேரடியாக இணைத்துவிடுகிறது. எம்.பி.யூ-6050, 6500, 9250 ஆகியவற்றில் 37 என்ற ரிஜிஸ்டரின் 1ஆம் பிட்டை 1 ஆக்க வேண்டும். அதோடு 6ஏ ரிஜிஸ்டரின் 5ஆம் பிட், அதாவது சில்லின் சொந்த ஐ2சி மாஸ்டரை (பஸ்ஸில் பேச்சைத் தொடங்கும் பகுதியை) இயக்கும் பிட், 0 ஆக இருக்க வேண்டும். (பிட்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ணுகிறோம்.) இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறினால்தான் கதவு திறக்கும். முதல் பிட்டை மட்டும் மாற்றிவிட்டு, காந்தமானி பதிலளிக்கவில்லை என்று கம்பியைச் சந்தேகிப்பவர்கள் பலர்.

இரண்டாவது வழியில் இயக்க உணரியே மாஸ்டராக மாறுகிறது. எந்த முகவரியில், எந்த ரிஜிஸ்டரிலிருந்து, எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பதை 25, 26, 27 ஆகிய ரிஜிஸ்டர்களில் எழுதிவிட்டால், அது தன் அளவீட்டுச் சுற்றோடு சேர்த்து வெளி உணரியையும் படித்து, கிடைத்ததை 49 முதல் 60 வரையுள்ள 24 ரிஜிஸ்டர்களில் வைத்துவிடும். 25, 26, 27 ஆகியவை முதல் ஸ்லேவ் (மாஸ்டர் படிக்கும் சாதனம்) இடத்துக்கானவை. இவ்வாறு மொத்தம் ஐந்து இடங்கள் உண்டு. செயலி அந்த உணரியை நேரடியாகத் தொடுவதே இல்லை.

காந்தமானியின் அளவீடு முடுக்கமானியின் அளவீட்டோடு ஒரே தாளத்தில் வந்தாக வேண்டும் என்றால் இரண்டாவது வழி மேலானது. மற்ற எல்லா நிலைகளிலும் நான் பைபாஸையே தேர்ந்தெடுப்பேன். அதில் வெளி உணரிக்கு ஏற்கனவே கர்னலில் இருக்கும் இயக்கியை ஒரு வரிகூட மாற்றாமல் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. மாஸ்டர் வழியிலோ ஒவ்வொரு உணரிக்கும் தனி நிரல் எழுத வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இயக்க உணரி செயலியோடு எஸ்.பி.ஐ. என்ற வேறு வகைக் கம்பி இணைப்பு வழியாக இணைக்கப்பட்டிருந்தால் பைபாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. திறந்துவிடப்படும் கதவின் மறுபக்கம் ஐ2சி கம்பிகள் இருந்தால்தானே செயலியால் உள்ளே போக முடியும்?

லினக்ஸில் இந்தக் குடும்பத்துக்கான இயக்கி இரண்டு வழிகளையும் அறியும். எதை எடுப்பது என்பதை டிவைஸ் ட்ரீயைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. உள்ளேயே காந்தமானி பொதிந்த 9150, 9250, 9255 ஆகிய மூன்றிலும், இயக்க உணரியின் நோடுக்குக் (டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்துக்கான பதிவு) கீழே 'ஐ2சி-கேட்' என்ற துணை நோடு இல்லையென்றால், இயக்கி மாஸ்டர் வழியை எடுத்துக்கொண்டு காந்தமானியைத் தானே படிக்கும். அதன் அளவீடுகள் முடுக்கமானியின் அளவீடுகள் வரும் அதே சாதனத்திலேயே, வினாடிக்கு 50 முறை என்ற உச்சவரம்போடு வரும். அந்த நோடு இருந்தால், காந்தமானியின் உட்பயன்பாடு நிறுத்தப்படுகிறது என்று கர்னல் பதிவில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, துணை பஸ்ஸைத் தனி அடாப்டராக (கர்னலின் கண்ணில் தனி ஐ2சி பஸ்ஸாக) திறந்துவிடும். அந்த எச்சரிக்கையைப் பிழை என்று எண்ணிப் பதற வேண்டியதில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. 6050, 6500 போன்றவற்றில் உள்ளே காந்தமானி இல்லாததால், ஐ2சியில் இணைத்தால் துணை பஸ் எப்போதும் திறந்தே இருக்கும்.

நோடை எழுதுதல்

இயக்க உணரியின் நோடு வழக்கம்போலத்தான். 'கம்பாட்டிபிள்' பண்பில் சில்லின் பெயர், 'ரெக்' பண்பில் அதன் முகவரி (ஏ.டி.0 முனை தாழ்நிலையில் இருந்தால் 68, உயர்நிலையில் இருந்தால் 69), 'இன்டரப்ட்ஸ்' பண்பில் அதன் குறுக்கீட்டுக் கம்பி. இதற்குள் 'ஐ2சி-கேட்' என்ற நோடைத் திறந்து, அதில் '#அட்ரஸ்-செல்ஸ்' மதிப்பை 1 என்றும் '#சைஸ்-செல்ஸ்' மதிப்பை 0 என்றும் எழுத வேண்டும். ஐ2சி சாதனத்துக்கு முகவரி உண்டு, நீளம் கிடையாது என்பதே இதன் பொருள். வெளி உணரியின் நோடு இதற்குள் வரும்: எடுத்துக்காட்டாக, பெயர் 'மேக்னெடோமீட்டர்@சி', 'கம்பாட்டிபிள்' மதிப்பு 'அசாஹி-காசெய்,ஏகே8963', 'ரெக்' மதிப்பு 0சி. @ குறிக்குப் பின் வரும் எண்ணுக்கு முன்னால் சுழியம் இடக் கூடாது என்பதும், அது 'ரெக்' மதிப்போடு பொருந்த வேண்டும் என்பதும் மரபு. பொருந்தாவிட்டால் டிவைஸ் ட்ரீ கம்பைலர் எச்சரிக்கும்.

இங்கே கண்ணுக்குப் புலப்படாமல் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. பல கிளைகளைக் கொண்ட ஐ2சி மக்ஸ் (ஒரு பஸ்ஸைப் பல கிளைகளாகப் பிரிக்கும் சாதனம்) நோடுகளை எழுதிப் பழகியவர்கள், கை போன போக்கில் 'ஐ2சி-கேட்' நோடுக்கும் ஒரு 'ரெக்' பண்பைச் சேர்த்துவிடுவார்கள். மக்ஸுக்குக் கிளை எண் தேவை. கேட்டுக்கு இருப்பதோ ஒரே கிளை, ஆகவே எண் தேவையில்லை. கர்னலின் மக்ஸ் நிரல் இந்த நோடில் 'ரெக்' இருப்பதைக் கண்டால், இது பழைய பாணியில் எழுதப்பட்டது என்று கருதி அந்த நோடையே ஒதுக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடாப்டர் உருவாகியிருக்கும், ஆனால் அதில் உங்கள் காந்தமானி இருக்காது.

'கம்பாட்டிபிள்' மதிப்பிலும் அலட்சியம் கூடாது. 9150 சில்லுக்குள் இருப்பது ஏகே8975. 9250 சில்லுக்குள் இருப்பது ஏகே8963. இரண்டுமே தம் முதல் ரிஜிஸ்டரில் 48 என்ற ஒரே அடையாள எண்ணைத்தான் தருகின்றன, ஆகவே பெயரை மாற்றி எழுதினால் இயக்கியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே ஓடும். ஆனால் ஏகே8975இல் ஓர் அலகு 0.3 மைக்ரோடெஸ்லா; கர்னல் இயக்கி பயன்படுத்தும் 14-பிட் முறையில் ஏகே8963இன் ஓர் அலகு 0.6 மைக்ரோடெஸ்லா. பெயர் தவறினால் காந்தப்புலம் பாதியாகவோ இரு மடங்காகவோ தெரியும். பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் என்பதால், மூன்று அச்சுகளின் மதிப்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கர்னல் இந்த அளவைக் காஸ் அலகில் தருகிறது. எனவே விடை 0.25க்கும் 0.65க்கும் இடையில் விழ வேண்டும்.

வெளி உணரியின் மின்வழங்கி, குறுக்கீட்டுக் கம்பி ஆகியவை கேட் வழியாகப் போவதில்லை. அளவீடு தயார் என்று சொல்லும் கம்பி நேராகச் செயலியின் ஜி.பி.ஐ.ஓ. (பொதுப் பயன்பாட்டு) முனைக்குப் போகிறது என்றால், அந்த ஜி.பி.ஐ.ஓ. கன்ட்ரோலரையே உணரியின் நோடில் குறுக்கீட்டுப் பெற்றோராக எழுத வேண்டும். கம்பி எங்கே போகிறதோ அதுவே நோடில் வர வேண்டும். இயக்கிக்கு எது வசதி என்பது டிவைஸ் ட்ரீயின் கவலை அல்ல.

அச்சுகளின் திசை

நான் முதன்முதலில் 9250 பொதிந்த பலகை ஒன்றுக்கு இப்படிக் கேட் நோடு எழுதியபோது, எண்கள் அனைத்தும் நம்பத்தக்கவையாகவே வந்தன. பலகையை மேசைமேல் வைத்து வலப்புறமாகத் திருப்பினேன். திரையில் திசைமுள் இடப்புறமாகத் திரும்பியது. அரை நாள் கணக்கு நிரலைக் குடைந்த பிறகுதான் சில்லின் விவரத்தாளில் உள்ள அச்சுப் படத்தைத் திறந்தேன். பொதிக்குள் காந்தமானி, முடுக்கமானியின் அச்சுகளோடு ஒத்துப்போகாத வகையில் வைக்கப்பட்டிருக்கிறது: காந்தமானியின் எக்ஸ் அச்சு முடுக்கமானியின் ஒய் திசையிலும், அதன் ஒய் அச்சு எக்ஸ் திசையிலும், இசட் அச்சு நேரெதிராகவும் இருக்கின்றன. எக்ஸ், ஒய் இடம் மாறினால் கோணம் எதிர்த்திசையில் வளரும் என்பது பள்ளிக் கணக்குதான். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மாஸ்டர் வழியில் இந்தத் திருத்தத்துக்கான மேட்ரிக்ஸை இயக்கியே அமைத்துக்கொள்ளும், ஏனெனில் இரண்டும் ஒரே பொதியில் இருப்பது அதற்குத் தெரியும். பைபாஸ் வழியிலோ காந்தமானியின் இயக்கிக்கு அது எந்தச் சில்லுக்குள் அமர்ந்திருக்கிறது என்பது தெரியாது. ஆகவே காந்தமானியின் நோடில் 'மவுன்ட்-மேட்ரிக்ஸ்' பண்பை நாம்தான் எழுத வேண்டும். அது ஒன்பது எண்கள் கொண்ட பட்டியல், வரிசை வரிசையாக எழுதப்படுவது. ஒவ்வோர் எண்ணும் மேற்கோள் குறிக்குள் சரமாக இடம்பெறும். இயக்க உணரியின் அச்சுகள் பலகையின் அச்சுகளோடு பொருந்தியிருந்தால், காந்தமானிக்கான மூன்று வரிசைகள் இவை:

0, 1, 0
1, 0, 0
0, 0, -1

இயக்க உணரியே பலகையில் திரும்பி அமர்ந்திருந்தால், அதன் சுழற்சி மேட்ரிக்ஸை இடப்புறம் வைத்து மேலுள்ள மேட்ரிக்ஸோடு பெருக்கி, வரும் விடையைக் காந்தமானிக்கு எழுத வேண்டும். இயக்க உணரிக்கு அதன் சொந்த மேட்ரிக்ஸ் மட்டும் போதும். கர்னல் இந்த மேட்ரிக்ஸை அளவீட்டின்மேல் தானே செலுத்துவதில்லை. மேலுள்ள பயனர் நிரலுக்கு அதைக் காட்ட மட்டுமே செய்கிறது. எனவே அளவீட்டை வாங்கும் நிரல் இதைப் படித்துப் பயன்படுத்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்த இயக்கியில் கேட் அமைத்தல்

துணை பஸ் உள்ள வேறொரு சில்லுக்கு நீங்களே இயக்கி எழுதுகிறீர்கள் என்றால், இந்த வேலைக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கர்னலின் ஐ2சி மக்ஸ் அடுக்கில், மக்ஸை உருவாக்கும் சார்பை ஒரே கிளை என்ற எண்ணிக்கையோடு, 'கேட்' என்ற கொடியையும் 'மக்ஸ்-லாக்டு' என்ற கொடியையும் சேர்த்து அழைக்க வேண்டும். முதல் கொடிதான் டிவைஸ் ட்ரீயில் 'ஐ2சி-கேட்' என்ற பெயரைத் தேடச் சொல்கிறது. இரண்டாவது கொடியைச் சிலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால், துணை பஸ்ஸில் ஒரு பரிமாற்றம் தொடங்கும்போதே பெற்றோர் பஸ்ஸின் பூட்டு போடப்பட்டுவிடும். கதவைத் திறப்பதற்காக உங்கள் 'செலக்ட்' சார்பு அதே பெற்றோர் பஸ் வழியாகச் சில்லின் ரிஜிஸ்டரில் எழுத முயன்றால், தான் போட்ட பூட்டுக்காகத் தானே காத்திருக்கும். அமைப்பு உறைந்துபோகும். மக்ஸ்-லாக்டு முறையில் பெற்றோர் பஸ் அப்படி முழுவதுமாகப் பூட்டப்படாது என்பதால் இந்த முட்டுக்கட்டை வராது. நாம் பேசிய எம்.பி.யூ. இயக்கியில் 'செலக்ட்' சார்பு வெறுமனே 0 என்று திருப்பி அனுப்புகிறது, ஏனெனில் பைபாஸ் தொடக்கத்திலேயே திறக்கப்பட்டுவிடுகிறது.

வரிசையும் முக்கியம். துணை அடாப்டரைப் பதிவு செய்த கணமே, கர்னல் அதன் கீழுள்ள நோடுகளைச் சாதனங்களாக உருவாக்கி, அவற்றின் இயக்கிகளை அழைக்கத் தொடங்கிவிடலாம். காந்தமானியின் இயக்கி முதல் வேலையாக அடையாள எண்ணைப் படிக்கும். அந்த நேரத்தில் உங்கள் சில்லுக்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும், பைபாஸ் திறந்திருக்க வேண்டும். எனவே அடாப்டரைப் பதிவு செய்வதை, சாதனத்தைத் தொடக்கிவைக்கும் 'ப்ரோப்' சார்பின் இறுதிப் படியாக வையுங்கள். நீக்கும்போது முதல் படியாக வையுங்கள்.

நோடை எப்படி எழுத வேண்டும் என்று வரையறுக்கும் பைண்டிங் ஆவணத்தில், 'ஐ2சி-கேட்' என்ற பண்பை ஐ2சி கன்ட்ரோலருக்கான பொது ஸ்கீமாவுக்குச் சுட்டிவிட்டு, அறியப்படாத பண்புகளுக்கு இடமில்லை என்று மூடினால் போதும். பிறகு டிவைஸ் ட்ரீ ஸ்கீமா சோதனையை ஓட்டிப் பாருங்கள்; எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி அங்கேயே சிக்கும். ஏ.சி.பி.ஐ. (வன்பொருள் விவரத்தைக் கணினியின் ஃபர்ம்வேரே தரும் முறை) உள்ள கணினிகளில் நோடு எழுதும் வேலை நமக்கு இல்லை: எம்.பி.யூ. இயக்கி, சாதனத்தின் வளப் பட்டியலில் வரும் இரண்டாவது ஐ2சி முகவரியைத் துணை உணரியுடையது என்று எடுத்துக்கொள்கிறது.

சரிபார்ப்பது

அடாப்டர்களைப் பட்டியலிட 'ஐ2சிடிடெக்ட்' கருவியை ஓட்டினால், பெற்றோரின் எண்ணோடு 'மக்ஸ்' என்றும் கிளை எண் 0 என்றும் குறிக்கப்பட்ட புதிய அடாப்டர் ஒன்று தெரிய வேண்டும். அதை வருடினால் 0சி இடத்தில் 'யூயூ' என்று வரும். ஓர் இயக்கி அந்த முகவரியைப் பிடித்துவிட்டது என்பதே அதன் பொருள். அடுத்து பெற்றோர் பஸ்ஸையும் வருடிப் பாருங்கள். அங்கும் 0சி இடத்தில் சாதனம் ஒன்று இருப்பதாகவே காட்டும். இது பலரைத் திகைக்க வைக்கிறது, ஆனால் பைபாஸ் என்றாலே இரண்டு சோடிக் கம்பிகளும் ஒன்றாகிவிட்டன என்றுதான் பொருள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. காந்தமானியை முன்பே பெற்றோர் பஸ்ஸின் கீழ் எழுதி வைத்திருந்து, இப்போது கேட்டின் கீழும் எழுதினால், இரண்டாவதாக வரும் பதிவை -16 என்ற பிழையோடு கர்னல் மறுத்துவிடும். முகவரி மோதலைத் தேடும்போது அது பெற்றோரின் பக்கமும் பிள்ளைகளின் பக்கமும் பார்க்கிறது. ஆனால் ஒரே பெற்றோரின் கீழுள்ள இரண்டு கேட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. ஒரே பஸ்ஸில் 68, 69 ஆகிய முகவரிகளில் இரண்டு 9250 சில்லுகளை வைத்து இரண்டையும் பைபாஸில் திறந்தால், இரண்டு காந்தமானிகளும் 0சி என்ற ஒரே முகவரியில் ஒரே கம்பியில் பேசும். கர்னல் வாய் திறக்காது. அளவீடுகள் இரண்டும் கலந்த குப்பையாக வரும். அத்தகைய பலகைக்குக் குறைந்தது ஒரு சில்லையாவது மாஸ்டர் வழியில் விட்டுவிடுவதே தீர்வு.

காந்தமானியின் இயக்கி -6 அல்லது -121 என்ற பிழையோடு நின்றால் (எது என்பது ஐ2சி கன்ட்ரோலரைப் பொறுத்தது), அந்த முகவரியில் யாரும் பதிலளிக்கவில்லை என்று பொருள். முதலில் 37, 6ஏ ரிஜிஸ்டர்களைப் படித்து மேலே சொன்ன இரண்டு பிட்டுகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் 75 ரிஜிஸ்டரைப் படியுங்கள். 71 வந்தால் அது உண்மையிலேயே 9250. 73 வந்தால் 9255. 70 வந்தால் உங்கள் கையில் இருப்பது 6500. 9250 என்று அச்சிட்டு 6500 சில்லைப் பொருத்திய பலகைகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றுக்குள் காந்தமானியே கிடையாது, எத்தனை கவனமாக நோடு எழுதினாலும் 0சி முகவரியிலிருந்து பதில் வராது.